மண்ணில் கிடைத்த வெள்ளிக்காசு: எடுப்பது, துலக்குவது, விலை அறிவது

தோண்டியெடுத்த வெள்ளிக்காசு கெட்டுப்போவது பெரும்பாலும் வெளியே வந்த முதல் அரை மணி நேரத்தில்தான். நூறு, இருநூறு வருடம் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த காசை எடுத்தவுடன் வேட்டி நுனியில் தேய்க்கிறோம், நகத்தால் சுரண்டுகிறோம், வீட்டுக்கு வந்ததும் திருநீறோ பல்பொடியோ போட்டுப் பளபளப்பாக்குகிறோம். மணல் துகள் வெள்ளியைவிடக் கடினமானது. ஒரு முறை அழுத்தித் தேய்த்தாலே காசின் முகத்தில் மயிரிழைக் கீறல்கள் விழுந்துவிடும். விழுந்த கீறலை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. காசு சேகரிப்பவர் பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்த நொடியிலேயே விலை பாதியாகிவிடும். எனவே எவ்வளவு குறைவாகக் கை வைக்கலாம் என்பதே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் கேள்வி.

எங்கே கிடைக்கிறது

தமிழ்நாட்டில் நிலத்திலிருந்து அதிகம் கைக்கு வருவது பிரிட்டிஷ் ஆட்சிக்கால ரூபாயும் அதன் சில்லறையும். வங்கி எட்டாத ஊர்களில் ரூபாயைக் கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டிப் புதைத்துவைப்பது வழக்கமாக இருந்தது. புதைத்த இடங்களும் ஏறக்குறைய ஒன்றே: அடுப்படி மூலை, நெற்குதிரின் அடி, தொழுவத்தின் பின்சுவர், வாசற்படியின் கீழ். பழைய வீட்டை இடித்து அஸ்திவாரம் தோண்டும்போது இந்த இடங்களின் மண்ணை மட்டும் தனியாகக் குவித்து வையுங்கள். ஜே.சி.பி. வாளி ஒரே வாரில் கலயத்தை நொறுக்கிக் காசுகளை லாரி மண்ணோடு அனுப்பிவிடும். அந்த நான்கைந்து இடங்களிலாவது கடப்பாரையும் மண்வெட்டியும் போதும்.

சிதறிக் கிடப்பவை வேறு இடங்களில் வரும். பழைய சந்தைத் திடல், வண்டிப்பாதை, தூர்வாரிய கிணற்றுச் சேறு, ஆற்றுப்படுகை. கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசெடுத்தவர்கள் பல தலைமுறையாக உண்டு. சங்ககாலக் காசுகளும் ரோமானியக் காசுகளும் அங்கே நிறையக் கிடைத்திருக்கின்றன. சொந்த நிலத்தில் உழவு முடிந்து முதல் மழை பெய்த மறுநாள் காலை நல்ல நேரம். மழை மேல்மண்ணைக் கழுவியிருக்கும், சாய்ந்த வெயிலில் வட்ட விளிம்பு கண்ணில் படும். வெள்ளி மண்ணில் மின்னும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கறுப்பாகவோ, சாம்பல் நிறமாகவோ, பச்சை படர்ந்தோதான் இருக்கும்.

சல்லடை வைத்துச் சலிப்பதானால் கண் அளவு 4 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். கட்டுமான வேலைக்கான ஜல்லி சல்லடையில் ‘பணம்’ எனப்பட்ட சின்னக் காசுகள் எல்லாம் கீழே விழுந்துவிடும். ஈர மண்ணைச் சலிக்காதீர்கள். உருண்டையாகச் சேர்ந்து காசை உள்ளே வைத்துக்கொள்ளும், கல்லோடு உரசவும் செய்யும். நிழலில் பாதி காய்ந்த பதத்தில் சலிப்பது நல்லது.

பாதுகாக்கப்பட்ட சின்னம், தொல்மேடு, அகழாய்வு நடக்கும் இடம் ஆகியவற்றில் தோண்டுவது குற்றம். 1958-ஆம் வருட மத்தியச் சட்டமும் 1966-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் அங்கே கை வைக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. கீழடியில் 2021-இல் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசு (தகட்டில் குறிகள் குத்திய பழங்காசு) ஒன்றுதான். ஆனால் அது எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது பதிவானதால் ஊரின் காலக்கணக்குக்கே அது சான்றாக நிற்கிறது. அதே காசு யாரோ ஒருவர் சட்டைப்பையிலிருந்து வந்திருந்தால் வெறும் வெள்ளித் துண்டுதான்.

எடுத்தவுடன் செய்ய வேண்டியது

ஒற்றைக் காசானால் சுற்றியிருக்கும் மண்ணோடு சேர்த்து எடுத்து, ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, மேலே தேதி, இடம், ஆழம் எழுதுங்கள். தொட வேண்டியிருந்தால் விளிம்பை மட்டும் இரு விரலால் பிடிக்க வேண்டும்.

கலயமாகக் கிடைத்தால் அதை அசைக்கும் முன்பே நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். அருகே ஓர் அளவுகோல் இருக்கட்டும். கலயத்தைக் கவிழ்க்கக் கூடாது. மேலே இருப்பவை கடைசியாகப் போட்டவை. அந்த வரிசையைப் பார்த்தே எப்போது சேர்க்கத் தொடங்கினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியும். காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தால் பிரிக்கவே வேண்டாம். வெகுகாலம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். கலப்பாகச் சேர்த்த செம்பு வெள்ளித் துகள்களின் எல்லைகளில் போய்ப் படிந்து அரிக்கப்படுவதே காரணம். பார்க்கத் திடமாக இருக்கும், நெம்பினால் பிஸ்கட்டாக உடையும். தரையில் தவறி விழுந்தாலே இரண்டாகும் காசுகள் உண்டு. கலயத்தை அப்படியே பருத்தித் துணியில் சுற்றி, மரப்பெட்டியிலோ வாளியிலோ வைக்கோல் போட்டு வையுங்கள். கட்டிய துணியின் இழைகள் காசில் ஒட்டியிருந்தால் அவையும் சான்றுதான்.

சட்டம் சொல்வது

1878-ஆம் வருட இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இன்றைய வெள்ளி விலையில் ஒற்றை ரூபாய்க்காசே அந்த வரம்பைத் தாண்டிவிடும். கடிதத்தில் இந்த விவரங்கள் இருக்க வேண்டும்: கிடைத்தது என்ன, ஏறக்குறைய எவ்வளவு மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி. பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கலாம், அல்லது கேட்கும்போது ஒப்படைப்பதாக ஆட்சியர் ஏற்கும் பிணை கொடுக்கலாம். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகப் போவது எளிது. கொடுக்கும்போது ஒவ்வொரு காசின் இரு பக்கப் படமும் எடையும் எண்ணிக்கையும் எழுதிய பட்டியலை இணைத்து, நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயந்து மறைப்பவர்கள் பலருக்கும் தெரியாத பகுதி அடுத்தது. ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு உரிமை கோருவோரை அழைப்பார். விசாரணைக்கான நாள் அறிவிப்பிலிருந்து 4 மாதத்துக்கு முன்போ 6 மாதத்துக்குப் பின்போ இருக்காது. நூறு வருடத்துக்குள் புதைத்தது, புதைத்தவரின் வாரிசு நான் என்று ஒருவர் வந்தால் வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். உரிமையாளர் இல்லை என்று அறிவிக்கப்பட்டால், நிலத்துக்காரர் எவரும் பங்கு கேட்காதபோது முழுவதும் கண்டெடுத்தவருக்கு. நிலத்துக்காரரின் உரிமை ஏற்கப்பட்டு, இருவருக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. அரசு தனக்கு வேண்டுமென்று எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும். மறைத்தால் பங்கு பறிபோவதுடன் ஒரு வருடம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும்.

உலோக மதிப்பை மட்டும் வைத்துக் கணக்கிடுவது கண்டெடுத்தவருக்கு நியாயமில்லை என்பதில் ஐயமில்லை. அரிய காசுக்கு அது மிகக் குறைவு. அதற்காகக் கள்ளச் சந்தையில் விற்றால் வாங்குகிறவர் அந்த உலோக விலைக்கும் கீழேதான் கேட்பார், ஏனென்றால் விற்பவரால் புகார் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி தனிக் குற்றம். இணைய ஏலத்தில் வெளிநாட்டவர் கேட்டார் என்று தபாலில் போட்டுவிடாதீர்கள்.

கீழே வரும் துலக்கும் முறைகள் அலுவலகத்திலிருந்து உங்களுக்கே திரும்பி வந்த காசுக்கும், வீட்டில் வழிவழியாக வந்த காசுக்கும், ரசீதோடு வாங்கிய காசுக்கும் மட்டும். ஆட்சியருக்குத் தெரிவிக்கும் முன் எதையும் துலக்க வேண்டாம்.

என்ன காசு என்று அறிவது

0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசும், ஒரு வெர்னியர் அளவியும், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். துலக்கும் முன்பே எடை எடுத்து எழுதிவிடுங்கள்.

1835 முதல் 1939 வரையிலான ரூபாய்க்கு எடை 11.66 கிராம், குறுக்களவு 30 முதல் 31 மி.மீ., நூற்றில் 91.7 பங்கு வெள்ளி. இது சரியாக ஒரு தோலா. பழைய மருத்துவக் குறிப்புகளில் ‘ரூபாய் எடை’ என்று வருவது இந்தக் காசைத்தான். அரை ரூபாய் 5.83 கிராம், 24 மி.மீ. கால் ரூபாய் 2.92 கிராம், ஏறக்குறைய 20 மி.மீ. இரண்டணா 1.46 கிராம், 15 முதல் 16 மி.மீ. வெள்ளி இரண்டணா 1917-ஓடு முடிந்தது. புழங்கித் தேய்ந்த ரூபாய் 11.4 வரை இறங்கியிருக்கலாம். 11-க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள்.

ஆண்டெழுத்து தேய்ந்திருந்தால் முகம் சொல்லும். 1835 என்ற வருடம் தாங்கியவற்றில் நான்காம் வில்லியம், முடிசூடாத தலை வலப்பக்கம் பார்க்கும். 1840-இல் இளம் விக்டோரியா இடப்பக்கம் பார்ப்பார். இந்த இரண்டின் பின்புறத்திலும் இலைமாலைக்குள் மதிப்பும், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் இருக்கும். 1862-இல் மகுடத்தோடு விக்டோரியா, அரசி என்ற பட்டம். 1877 முதல் 1901 வரை அதே முகம், பட்டம் மட்டும் பேரரசி. 1903 முதல் 1910 வரை ஏழாம் எட்வர்டு, வழுக்கைத் தலை, வலப்பக்கம். பிறகு மகுடம் சூடிய ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ். 1840 என்றும் 1862 என்றும் இருப்பது அச்சடித்த வருடம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த வருடங்களை மாற்றாமலே பல வருடம் அச்சடித்தார்கள். 1862 ரூபாயில் வருடத்தின் கீழே உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும்தான் வகையைப் பிரிக்கும். மண்ணரிப்பில் முதலில் போவதும் அந்தப் புள்ளிகள்தான். அந்த இடத்தில் ஈர்க்குச்சியைக்கூட வைக்காதீர்கள்.

1940 முதல் 1945 வரையிலான ரூபாய் எடையில் அதேதான், வெள்ளி பாதிதான். மற்ற பாதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அதனால் மண்ணில் இவை கடும் பச்சையாக வரும். விளிம்பின் நடுவே ஒரு பள்ளக்கோடு ஓடுவதைப் பார்த்து இதைப் பிரிக்கலாம். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, சுத்த நிக்கல். காந்தம் இழுக்கும்.

பாரசீக எழுத்து நிறைந்து, முழு வட்டமாக எழுத்து அடங்காத தடித்த காசு வந்தால் ஆற்காடு ரூபாயாக இருக்கலாம். கம்பெனியாரும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரும் முகலாயப் பேரரசர் பெயரிலேயே இதை அச்சடித்தார்கள். தாமரைக் குறி இருந்தால் சென்னை, பிறைக் குறி இருந்தால் புதுச்சேரி. கோபுரமும் திருமாலும் இருந்து, தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து ஓடினால் அது 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சென்னை அக்கசாலையில் (நாணயம் அச்சடிக்கும் சாலை) அடித்த வெள்ளிப் பூவராகன். கால், அரை என்ற இரு அளவிலும் உண்டு, நல்ல நிலையில் இருந்தால் நல்ல மதிப்பும் உண்டு. தரங்கம்பாடி டேனியர் அடித்த சின்ன வெள்ளிக்காசுகளும் கடற்கரை ஊர்களில் வரும்.

வட்டமோ சதுரமோ இல்லாமல் வெட்டிய தகடு, ஒரு முகத்தில் சூரியன், மலை, காளை என ஐந்து தனித்தனிக் குறிகள் தெரிந்தால் அது முத்திரைக் காசு. முழு எடையில் 3.2 முதல் 3.4 கிராம். கோவை, கரூர்ப் பகுதியில் 18, 19 மி.மீ. அளவில், மூன்றரை கிராமுக்கு மேல், இலைமகுடத் தலையோடு கிடைப்பவை தினாரியம் என்ற ரோமானிய வெள்ளிக்காசு. அகஸ்டஸ் காசின் பின்புறத்தில் கேடயங்களோடு நிற்கும் இரு இளவரசர்கள், டைபீரியஸ் காசில் கோலேந்தி அமர்ந்திருக்கும் பெண்: இவ்விரு வகையே நம் பகுதியில் மிகுதி. முத்திரைக் காசோ ரோமானியக் காசோ கையில் வந்தால் துலக்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புக்கூடம் இருக்கிறது. அவர்களிடம் கேளுங்கள்.

துலக்குவது

முதலில் காசின் மேல் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் செய்வது வேறு. பழுப்பு, செம்மண் நிறம் வெறும் மண். பச்சை, காசின் கலப்பிலிருந்தோ பக்கத்தில் கிடந்த செப்புக்காசிலிருந்தோ வந்த செம்புக் களிம்பு. வழவழப்பான கறுப்பு, வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்த படலம். சாம்பல் கலந்த ஊதாவில், மெழுகு பூசியது மாதிரித் தடித்திருப்பது வெள்ளிக் குளோரைடு. உப்பு மண்ணிலும் கடலோரத்திலும் அதிகம். இந்தக் கடைசி வகையில் எழுத்தும் உருவமும் அந்தப் படலத்துக்குள்ளேயே இருக்கும். அதைக் கரைத்தால் காசின் முகமே கரைந்து போகும். கை வைக்க வேண்டாம்.

மண் போக்க:

1. கண்ணாடிக் கிண்ணத்தில் 200 மில்லி காய்ச்சி வடித்த நீர் ஊற்றி ஒரு காசை மட்டும் போடுங்கள். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். அமிலம் கலந்த பேட்டரி நீரை வாங்கிவிடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரைடு இருக்கும், அதில் ஊறவைப்பது நோயை ஊட்டுவது.

2. நாள்தோறும் நீரை மாற்றுங்கள். நீரின் உப்பளவு பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால், ஊறிய நீரின் அளவு புதிய நீரின் அளவை நெருங்கும் வரை தொடருங்கள். மீட்டர் இல்லையென்றால் ஒரு வாரம்.

3. ஊறியபின் நீருக்குள் வைத்தபடியே குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியின் நுனியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. துலக்கியை அடிக்கடி அலசுங்கள், அதில் சிக்கிய மணல்தான் கீறும்.

4. எழுத்துகளின் இடுக்கில் நிற்கும் மண்ணைத் தென்னை ஈர்க்குச்சியைச் சீவி, கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே தள்ளுங்கள். ஊசி, பின், கத்தி எதுவும் வேண்டாம். வராத மண்ணை மறுபடி ஊறவையுங்கள், அழுத்தாதீர்கள்.

பெரும்பாலான காசுக்கு இதோடு நிறுத்துவதே சரி. எழுத்தும் வருடமும் படிக்க முடிந்தால் போதும், மிச்சப் பச்சை இருந்துவிட்டுப் போகட்டும்.

பச்சை தடித்து வருடத்தையே மறைத்தால், 1835-க்குப் பிந்தைய ரூபாய் வகைகளில் மட்டும் அடுத்த படி. ஈ.டி.டி.ஏ. டைசோடியம் உப்பு ரசாயனக் கடைகளில் கிடைக்கும். 5 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, காசை 10 நிமிடம் போட்டு எடுங்கள். அலசி, துலக்கியால் ஒற்றி, கண்ணாடியில் பாருங்கள். தேவையானால் இன்னொரு 10 நிமிடம். இது செம்பைப் பிடித்து இழுக்கும், வெள்ளியை அவ்வளவாகத் தொடாது. கரைசல் நீலமாகும்போது வேலை நடக்கிறது என்று பொருள். ஆழ்ந்த நீலமானால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். ஈ.டி.டி.ஏ. கிடைக்காதபோது எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 3 கிராம், நீர் 100 மில்லி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, மொத்தம் 10 நிமிடத்துக்குள். எலுமிச்சை உப்பு சற்று முரடு, மறந்துபோய் இரவு முழுக்க விட்டால் முகம் அம்மைத் தழும்பாகிவிடும்.

இங்கே அடிக்கடி நேரும் கேடு ஒன்று: காசு திடீரென இளஞ்சிவப்பாக மாறுவது. கரைசலில் சேர்ந்த செம்பு திரும்ப வெள்ளி மேல் படிந்திருக்கிறது. இரும்பு இடுக்கியால் பிடித்தாலோ எஃகுப் பாத்திரத்தில் வைத்தாலோ, பழைய கரைசலிலேயே நிறையக் காசுகளைப் போட்டாலோ இப்படி ஆகும். பிளாஸ்டிக் இடுக்கி, கண்ணாடிக் கிண்ணம், ஒரு காசுக்கு ஒரு கரைசல் என்றிருந்தால் வராது.

முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, இரு முறை மாற்றுங்கள். பருத்தித் துணியில் ஒற்றி ஈரம் போக்கி, சுத்தமான அசிட்டோனில் ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் செய்யக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது உதவாது. நிழலில் ஒரு நாள் காயட்டும். வெயிலில் வைக்காதீர்கள்.

கறுப்பை எடுக்கவே கூடாது. சீராகப் படிந்த கறுப்பு வெள்ளியைக் காக்கும் தோல், மேடு பள்ளத்தைத் தெளிவாகவும் காட்டும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் போட்டால் கறுப்பு மாயமாகும் என்பது உண்மைதான். ஆனால் மண்காசில் அதன் கீழே வருவது சொரசொரப்பான, உயிரற்ற வெளிர்சாம்பல் முகம். எந்தச் சேகரிப்பாளரும் அதை விரும்பமாட்டார். புளி, எலுமிச்சையோடு கல்லுப்பு, பீதாம்பரி, பற்பசை, சாம்பல் எல்லாம் குத்துவிளக்கோடு நிற்கட்டும். உப்பிலுள்ள குளோரைடு காசுக்குள் புகுந்து பிறகும் அரிக்கும். நகைக்கடைத் திராவகம் வெள்ளியையே கரைக்கும்.

வைப்பதற்கு மைலார் (தெளிவான பாலியெஸ்டர் தாள்) உறை, அல்லது நடுவில் மைலார் சாளரம் உள்ள அட்டை உறை வாங்குங்கள். மலிவான மென்மையான பி.வி.சி. உறை சில வருடத்தில் பச்சையாக ஒட்டும் பிசுக்கை விடும். ரப்பர் பேண்டிலும் செய்தித்தாளிலும் கந்தகம் இருக்கிறது. டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.

வெள்ளிதானா?

உரைகல்லில் உரசவிடாதீர்கள். அந்த உரசல் தடம் காசில் நிரந்தரம். காசைச் சாய்த்துப் பிடித்து மேலே சின்ன நியோடிமியம் காந்தத்தை விட்டால், வெள்ளியில் ஒட்டாமல், ஆனால் தயங்கித் தயங்கி வழுக்கி இறங்கும். இது சாடை காட்டும் சோதனைதான். செம்பிலும் அப்படித்தான் இறங்கும்.

நம்பகமானது நீர்ச் சோதனை. தராசில் நீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுதும் மூழ்கும்படி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசின் கனஅளவு. 11.66 கிராம் உள்ள நல்ல ரூபாய்க்கு அது 1.13 அளவில் வரும். பாதி வெள்ளி ரூபாய்க்கு 1.22. வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வர் போலிக்கு 1.34 பக்கம் போகும். மண்காசில் நுண்துளைகள் இருப்பதால் காற்றுக் குமிழி ஒட்டி எண் சற்றுக் கூடலாம். சில மணி நேரம் ஊறவைத்து, குமிழிகளைத் துலக்கியால் தட்டிவிட்டு அளந்து பாருங்கள்.

நகை மதிப்பீட்டு மையங்களில் உள்ள எக்ஸ்-கதிர் கருவி மேல்தோலை மட்டுமே பார்க்கும். மண்ணில் கிடந்த காசின் மேற்பரப்பிலிருந்து செம்பு கசிந்து வெளியேறியிருப்பதால் உண்மைக்கு மேல் 95, 96 என்றுகூடக் காட்டலாம். அதை வைத்து இது சுத்த வெள்ளி என்று எண்ண வேண்டாம்.

வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புத் தடம் இருக்கும், அல்லது அதை அரம் வைத்து மழித்த கோடுகள் இருக்கும். எழுத்தின் ஓரங்கள் சோப்பில் அழுத்தியது போல மழுங்கி, தளத்தில் குட்டிக் குழிகள் தெரியும்.

விலை

முதலில் தரைவிலையைப் போடுங்கள். 11.66-ஐ 0.917-ஆல் பெருக்கினால் 10.69 கிராம் வெள்ளி. அன்றைய வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,069 ரூபாய். பாதி வெள்ளி ரூபாய்க்கு 5.83 கிராம், அதே விலையில் 583. இதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். நகைக்கடையில் உருக்கும்போது வரும் கழிவைக் கழித்துத்தான் எடுப்பார்கள், நாணய வணிகரிடம் கேட்டுவிட்டு அங்கே போங்கள்.

தரைவிலைக்கு மேலே எவ்வளவு என்பது வகையும் நிலையும் சேர்ந்து முடிவு செய்வது. 1917, 1918, 1919 ரூபாய்கள் ஏராளமாக அச்சானவை. மண்ணரிப்போடு இருந்தால் வெள்ளி விலையோடு சரி. 1911 ரூபாய் வேறு கதை. மன்னர் அங்கியிலுள்ள யானையின் துதிக்கை குட்டையாகப் போய்ப் பன்றி மாதிரித் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பி, மறு வருடமே அச்சு மாற்றப்பட்டது. அதைத் தேடுவோர் உண்டு. 1939 ரூபாய் உண்மையிலேயே அரிது. அதனாலேயே 1938-இன் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியவை சந்தையில் உலவுகின்றன. 9-ஐச் சுற்றித் தளத்தில் சுரண்டல் தெரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஒரே வருடத்தில் பம்பாயில் அடித்ததற்கும் கல்கத்தாவில் அடித்ததற்கும் மதிப்பு மாறலாம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பின்புறம் கீழே தாமரைக்கு அடியில் சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா.

நிலையைப் பார்க்கும்போது மேடான இடங்களைப் பாருங்கள்: விக்டோரியா ஆடையின் பூவேலை, ஜார்ஜ் மகுடத்தின் மணிகள், காதோரம். அவை கூர்மையாக இருந்தும் தளத்தில் அரிப்புக் குழிகள் இருந்தால், அதே கூர்மையுள்ள அரிப்பில்லாக் காசின் விலையை எதிர்பார்க்க முடியாது. அட்டவணைப் புத்தக விலைகள் அரிப்பில்லாத காசுக்கானவை. முடிந்த ஏலங்களில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள், இணையத்தில் யாரோ கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். இரண்டு வணிகரிடமாவது தனித்தனியே காட்டுங்கள், முதலாமவர் சொன்ன விலையை இரண்டாமவரிடம் சொல்லாமல்.

பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் அனுப்புங்கள் என்று வரும் அழைப்பு எல்லாமே மோசடி. தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் காசு என்பவையும் அப்படியே. ராமர் பட்டாபிஷேகமும் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் சேர்ந்திருக்கும் ‘பழங்காசு’ எந்த அக்கசாலையிலும் அடித்த பணமல்ல, பிற்காலத்தில் விற்பனைக்குச் செய்த வில்லை. பள்ளம் தோண்டும்போது புதையல் கிடைத்தது, ஊருக்குப் போகப் பணம் வேண்டும் என்று பேருந்து நிலையத்தில் ஒருவர் நல்ல காசு ஒன்றைக் காட்டிச் சோதிக்கச் சொன்னால், அந்த ஒன்று மட்டும் வெள்ளியாக இருக்கும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் மூட்டை வேறு.

விற்கும்போது காசின் படம், எடை, தேதி, வாங்குகிறவரின் பெயர் எழுதிய ரசீது ஒன்றை வாங்கி, ஆட்சியர் அலுவலக ஆணையின் நகலோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் காட்ட அந்த இரண்டு தாள்கள் வேண்டும். இருந்தால் வாங்குகிறவரும் கூடுதல் விலை தரத் தயங்கமாட்டார்.